முயல் மேட்டுக்கு முன்னால்

கோபன்ஹேகன்
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்பு மகன் எஸ்கிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா சுகம், நானும் சுகம், என் வலது தோள் மட்டும் சுகமில்லை, அதற்கான காரணம் கீழே வருகிறது. அங்கே நீயும் மருமகள் இங்கரும் குட்டி லிஸ்பெத்தும் நோய்நொடி இல்லாமல் சந்தோஷமாக இருக்க வேண்டும். உங்கள் ஆஸ்திரேலியாவில் இலை உதிர்கிறது என்று எழுதியிருக்கிறாய், இங்கே மரமெல்லாம் தளிர்த்துவிட்டது, வரும் வாரம் எங்கள் கேளிக்கைப் பூங்கா திறக்கிறது. அப்பா பேக்கரிக்கு விடியுமுன் போய்விட்டு மத்தியானம் வந்து தூங்குகிறார், குறட்டை மட்டும் குறையவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வேண்டாம்மா, வேண்டாம்மா என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறாய். இந்த வயதில் ரோலர் கோஸ்டரில் பிரேக் பிடிக்கிற வேலை எதற்கு, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, அப்பாவை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறாய். என் வயது நாற்பத்தொன்பது, எண்பது இல்லை. பதினோரு வருடமாக அந்த டிக்கெட் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி ஓடுவது என் முதுகுக்குப் பின்னால், எனக்குக் கிடைத்ததெல்லாம் சத்தம் மட்டும்தான். பிரேக் பிடித்துக்கொண்டிருந்த கிழவர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார், இடம் காலியானது, நான் கேட்டேன். எனக்கு அந்த வேலை வேண்டும் எஸ்கில், அதற்கு மேல் காரணம் கேட்காதே.

இதைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மாடிவீட்டுக்காரி இறங்கி வந்து என்ன விஷயம் என்று விசாரித்தாள். "முப்பது வருஷமா என்னை நிறுத்தி நிறுத்தித்தானே பழக்கம், வண்டிய நிறுத்துறது அவளுக்கு எந்த மூலைக்கு" என்று அவளிடம் சொன்னார். தலைமை பிரேக்காளர் ஹோல்கர் இன்னும் மோசம். "அம்மணி, நெம்புகோல் இழுக்கிறது டிக்கெட் கிழிக்கிற மாதிரி இல்ல" என்றார். ஆனால் மனுஷன் நியாயஸ்தர், பழகுவதற்குக் குளிர்காலம் முழுக்க வண்டியைக் கொடுத்தார், இரண்டு சோதனை ஓட்டம் தருவதாகச் சொன்னார், இரண்டிலும் தவறினால் ஆயுசுக்கும் கூண்டுதான்.

நீ சின்ன வயதில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறாய், ஆனால் அதை ஓட்டுவது எது என்று யோசித்திருக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன். முதல் மேட்டின் உச்சி வரைதான் இரும்புக் கயிறு இழுக்கிறது. அங்கே கயிறு விட்டுவிடும், அதற்குப் பிறகு வண்டிக்கு மோட்டாரும் இல்லை ஒன்றும் இல்லை, ஏறின உயரம்தான் அதற்குச் சோறு, வழி முழுக்க அதையே தின்றுகொண்டு ஓட வேண்டும். பள்ளத்தில் உயரம் வேகமாக மாறுகிறது, மேட்டில் வேகம் மறுபடியும் உயரமாகிறது, நடுவில் தண்டவாளமும் காற்றும் தங்கள் பங்கைப் பிடுங்கிக்கொள்கின்றன, அதனால்தான் ஒவ்வொரு மேடும் முந்தைய மேட்டைவிடக் குட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். அப்படியானால் வண்டியோடு கூடவே உட்கார்ந்து போகிற ஆள் கையில் பிரேக் எதற்கு என்று கேட்பாய். மேட்டின் உச்சியில் வண்டி கீழ்நோக்கி வளையும், ஆனால் உட்கார்ந்திருப்பவர் உடம்பு வந்த வழியே நேராகப் போகப் பார்க்கும், வேகம் மிஞ்சினால் ஆள் இருக்கையை விட்டு எழும்பிவிடுவார். எங்கள் பழைய வண்டியில் மடிக்குக் குறுக்கே கம்பி கிடையாது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி மட்டும்தான். ஆகவே நடுவிலிருக்கிற தொப்பி மேட்டுக்கு வரும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் அதைத் தாண்டியபின் கடைசி மேடான முயல் மேடு வரைக்கும் பிரேக்கைத் தொடவே கூடாது.

முதல் சோதனையில் நான் தொட்டேன். மணல் மூட்டைகளும் ஹோல்கரும்தான் பாரம். தொப்பி மேட்டை வண்டி அழகாகத் தாண்டியது, அடுத்த பள்ளத்தில் பாயும்போது பலகையெல்லாம் தடதடவென்று அதிர்ந்தது, என் கை தானாக நெம்புகோலை இழுத்துவிட்டது. வண்டி முயல் மேட்டில் பாதி ஏறியது, நின்றது, அப்படியே பின்னால் சரிந்து பள்ளத்தில் முன்னும் பின்னும் ஆடி ஆடி அடங்கியது. மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, கயிறு கட்டி, எல்லாரும் சேர்ந்து இழுத்தோம், தோள் போனது அன்றைக்குத்தான். அழுகையாக வந்தது, அழவில்லை. மறுநாள் காலை போனால் என் கோட்டு மாட்டுகிற கொக்கியில் ஒரு உப்பு ஹெர்ரிங் மீன் தொங்குகிறது. வண்டியைப் பள்ளத்தில் உட்கார வைத்த பிரேக்காளருக்கு அங்கே வேலை செய்கிற பையன்கள் செய்கிற மரியாதை அது. கூண்டுக்காரிக்கு யாரும் மீன் தொங்கவிட மாட்டார்கள், என்னையும் ஆளாக மதித்துத்தானே தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்குக் கொண்டுவந்து கறுப்பு ரை ரொட்டியோடு தின்றுவிட்டேன், அப்பாவுக்கும் பாதி கொடுத்தேன்.

இரண்டாவது சோதனை நேற்று. இந்தத் தடவை மூட்டை வேண்டாம், உயிருள்ள ஆட்கள் வேண்டும் என்றார் ஹோல்கர். பிரேக் பிடிப்பது யார் என்று தெரிந்ததும் பூங்கா வேலைக்காரர்களில் பாதிப் பேருக்குத் திடீரென்று வயிற்றுவலி. மழை வேறு. "ஈரத்துல பிரேக் வழுக்கும், இன்னொரு நாள் வச்சுக்கலாமா" என்று ஹோல்கர் கேட்டார், மழையில் ஜனங்கள் வரமாட்டார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். அப்போது அப்பா வந்தார். நான் கூப்பிடவில்லை. ஏணியில் ஏறினாலே தலைசுற்றுகிற மனுஷன், கையில் மாவு கூடக் கழுவவில்லை, நேராக வந்து எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார். "அந்த மீன் நல்லாவே இல்ல, இன்னொன்னு கொண்டு வந்துடாத" என்றார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொப்பி மேட்டில் ஈரத்தால் பிரேக் தாமதமாகத்தான் பிடித்தது, நினைத்ததைவிட வேகமாகத் தாண்டினோம், அப்பா ஒரு விரல்கடை எழும்பி உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். பிறகு பள்ளம். மழை முகத்தில் அறைகிறது, எதிரே அப்பாவின் வெள்ளைப் பிடரி, காலருக்குள் தண்ணீர் இறங்குகிறது. எனக்கு உயிரே போய்விட்டது. பிடி, பிடி என்று கை துடித்தது. பள்ளத்தில் பயமுறுத்துகிற இந்த வேகம்தான் முயல் மேட்டில் ஏறப்போகிற வேகம், இதை நீ பிடுங்கினால் இந்த மனுஷனைப் பள்ளத்தில்தான் உட்கார வைப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு கையையும் நெம்புகோலிலிருந்து எடுத்துவிட்டேன். வண்டி ஏறியது, ஏற ஏறத் தளர்ந்தது, உச்சியில் மனிதர் நடக்கிற வேகத்தில் மெதுவாகத் தலை சாய்த்து அந்தப் பக்கம் இறங்கியது. நிலையத்துக்கு வெகு முன்பே பிரேக்கை இழுக்கத் தொடங்கி, வண்டி நிற்க வேண்டிய கோட்டுக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஹோல்கர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார், எனக்குக் காது வரைக்கும் இறங்கியது. அப்பா கண்ணைத் திறக்காமலே "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

அப்பாவை நினைத்துப் பார்த்தாயா என்று எழுதினாயே எஸ்கில், நினைத்தேன். கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார், அவரை நினைத்துத்தான் கையை எடுத்தேன்.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். லிஸ்பெத்துக்குப் பால் கொடுக்க மறக்காதீர்கள், என் இடுப்பு உயரம் வளர்ந்தால்தான் வண்டியில் ஏற்றுவேன், பேத்தி என்று சலுகை கிடையாது. கோடைக்கு வரும்போது கம்பளிச் சட்டை எடுத்து வா, மேலே காற்று அதிகம். வேண்டாம்மா என்று இனி எழுதாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா குட்ரூன்,
மூன்றாம் வண்டியில் பிரேக் பிடிப்பவள்