பன்னிரண்டாம் அறை விருந்தினரின் கண்மீது இருந்த இரண்டு வெள்ளரி வில்லைகள் குறித்து

அனுப்புநர்:
களிமண் தயாரிப்பு அறைப் பணியாளர்,
இயற்கை நலவாழ்வு இல்லம்,
பணியாளர் குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
காவல் தலைமை அலுவலகம்.

பொருள்: நலவாழ்வு இல்லத்தில் கடந்த வெள்ளிக்கிழமை நிகழ்ந்த மரணம் – பணியாளரின் கவனக்குறைவு என முடிக்க இருப்பது – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

பார்வை: காவல் ஆய்வாளர் அவர்களிடம் சனிக்கிழமை நான் நேரில் சொன்னதும், அவர் எழுதிக்கொள்ளாததுமான தகவல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி இல்லத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். விருந்தினர்களுக்குப் பூசும் களிமண்ணைச் சலித்து, ஊறவைத்து, இளஞ்சூட்டுக்குக் கொண்டுவருவதும், அவர்கள் கண்மீது வைக்கும் வெள்ளரிக்காயைச் சீவுவதும் என் பொறுப்பு. இறந்தவருக்கு அன்று களிமண் பூசியவர் என் தாயின் தங்கை. எனவே என் சொல்லை ஐயா அவர்கள் ஒரு மாற்றுக் குறைத்தே மதிப்பிடலாம். குறைத்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும் என்று நம்பியே எழுதுகிறேன்.

2. இறந்தவர் பேருந்துப் பணிமனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை ‘டிப்போ சார்’ என்றே அழைத்தோம். உடல் எடையைக் குறைக்க, பதினான்கு நாள் உண்ணாநிலைச் சிகிச்சைக்கு வந்திருந்தார். தண்ணீரும், வேளைக்கு ஒரு கோப்பை எலுமிச்சைச் சாறும் தவிர வேறு எதுவும் கிடையாது. அவருடன் வந்தவர் அவருடைய நாற்பது ஆண்டு நண்பர், ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். இவர் ஒல்லியானவர். முதுகு வலிக்காக மட்டும் வந்ததால் இவருக்கு உண்ணாநிலை இல்லை. பத்தரை மணிக்கு ஒரு தட்டு பச்சைக் காய்கறி உட்பட வேளாவேளைக்கு உணவு உண்டு. இந்த வேறுபாட்டை ஐயா அவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

3. களிமண் சிகிச்சையின் முறை பின்வருமாறு. கழுத்துவரை மண் பூசி, கைகள் உள்ளே இருக்குமாறு இரண்டு துணிகளால் சுற்றிக் கட்டுவோம். மூக்கையும் வாயையும் விட்டு முகத்திலும் பூசுவோம். கண்களின்மேல் இரண்டு வெள்ளரி வில்லைகள். பிறகு நாற்பத்தைந்து நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கட்டுண்டவர் எழுந்து திறக்க முடியாது என்பதால் அந்த அறைகளின் கதவுக்குத் தாழ்ப்பாள் வைப்பதில்லை.

4. வழிகாட்டிக் கையேட்டில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று நாள் சாப்பிடாத ஒருவர் கண்மீது வெள்ளரிக்காய் வைத்தால் அது அங்கே தங்காது. கை கட்டப்பட்டிருப்பது ஒரு தடையே அல்ல. தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து ஓர் உதறு உதறினால் வில்லை கன்னத்தில் வழுக்கி உதட்டோரம் வரும். மிச்சத்தை நாக்கு பார்த்துக்கொள்ளும். உண்ணாநிலையில் இருக்கும் எல்லா விருந்தினரும் இதைச் செய்கிறார்கள். எல்லோரும் தாம் ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்ததாக நினைக்கிறார்கள். டிப்போ சார் இதில் கைதேர்ந்தவர். பணியாளர் அறையை விட்டு வெளியே வருவதற்குள் இரண்டும் போய்விடும். “சார், அதுல மண்ணு ஒட்டியிருக்குமே” என்று சித்தி ஒருமுறை சொன்னதற்கு, “வெள்ளரிக்காயே மண்ணுலேர்ந்து வந்ததுதானேம்மா?” என்று கேட்டாராம். வந்த ஏழு நாளில் சிகிச்சை முடியும்போது அவர் கண்மீது வில்லை இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

5. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குச் சித்தி அவரைச் சுற்றிக் கட்டி, நான் சீவிய வில்லைகளை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். விதிப்படி பதினோரு மணிக்கு வந்து எட்டிப் பார்த்தார். கண்மீது இரண்டு வில்லைகளும் அப்படியே இருந்தன. “அப்பாடா, இன்னிக்குத்தான் மனுஷன் தூங்கறார்” என்று நினைத்து, எழுப்ப மனமில்லாமல் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார். பதினொன்றே கால் மணிக்குக் கட்டை அவிழ்க்க வந்தபோது உயிர் இல்லை.

6. மூச்சுத் திணறி இறந்ததாகவும், முகமும் உதடும் வீங்கியிருந்ததாகவும், வாயில் பழுப்பு நிறப் பசை இருந்ததாகவும் பிரேதப் பரிசோதனையில் தெரிந்ததாக அறிகிறேன். மூச்சுத் திணறியது கட்டின் இறுக்கத்தால், வீக்கம் மண்ணின் சூட்டால், பசை என்பது வாய்க்குள் போன மண் என்று ஆய்வாளர் அவர்கள் முடிவு செய்திருக்கிறார். மண்ணின் சூட்டை நான் வெப்பமானி வைத்துத்தான் அனுப்புகிறேன். அன்று அதே தொட்டி மண்ணைப் பூசிக்கொண்ட மற்ற ஆறு பேரும் முகம் வீங்காமல், பசியோடு நலமாக இருக்கிறார்கள்.

7. சித்தி அவரை உலுக்கியபோது வில்லைகள் தரையில் விழுந்தன. அவற்றைப் பொறுக்குவது என் வேலை. குனிந்து கையில் எடுத்தவுடன் எனக்கு ஏதோ போல் இருந்தது. நான் தோலை முழுவதும் நீக்கி, சீவும் பலகையில் தேய்த்து எடுப்பவள். என் வில்லைக்கு அடியில் விரலை வைத்தால் விரலின் ரேகை தெரியும். கையில் இருந்தவையோ கத்தியால் நறுக்கியவை. தோலோடு, அரை விரல் கனம். அப்படி நறுக்குவது உணவுக்கூடத்தில், காய்கறித் தட்டுக்கு. நான் அனுப்பிய இரண்டு வில்லைகளும் அறையில் எங்கும் இல்லை. வழக்கப்படி அவற்றை டிப்போ சார் சாப்பிட்டுவிட்டார் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படியானால், அதற்குப் பிறகு யாரோ உள்ளே வந்து வேறு இரண்டை அவர் கண்மீது வைத்திருக்கிறார்.

இதை ஆய்வாளர் அவர்களிடம் சொன்னேன். “வெள்ளரிக்காய வெச்சு கேஸ் நடத்தச் சொல்றியாம்மா? கோர்ட்ல நான் உப்பு, மிளகாத்தூள் எல்லாம் எடுத்துட்டுப் போகணுமா?” என்று கேட்டார். உடனிருந்த காவலர்கள் சிரித்தார்கள். வேறு யாரையாவது பற்றிய செய்தியாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

8. சுற்றியிருந்த துணியைச் சலவைக்கு முன் ஊறவைக்க என்னிடம் கொண்டுவந்து போட்டார்கள். தண்ணீர் பிடித்து வருவதற்குள் கழுத்துப் பக்க ஓரத்தில் எறும்பு வரிசை கட்டியிருந்தது. மூன்று ஆண்டுகளில் என் மண்ணை எறும்பு சீண்டியதில்லை. முகர்ந்து பார்த்தேன். சாக்லேட் வாசனை, அதற்குள் வறுத்த வேர்க்கடலை வாசனை. இரண்டும் மண்ணின் நிறமே ஆனதால் கண்ணுக்குத் தெரியவில்லை. துணியை நனைக்காமல் பையில் போட்டுக் கட்டி, வில்லைகளோடு சேர்த்துப் பணியாளர் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்திருக்கிறேன். துணி ஒன்று குறைவதாக மேலாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார். எனக்குப் பொய் நன்றாக வராது.

9. பன்னிரண்டாம் அறையின் விருந்தினர் அட்டையில், ‘ஆகாத உணவு’ என்ற இடத்தில் வேர்க்கடலை என்று எழுதி, ‘ஒரு பருப்பு பட்டாலும் தொண்டை அடைத்துவிடும்’ என்றும் குறிப்பிடப்பட்டுள்ளது. மிக அழகான கையெழுத்து. டிப்போ சார் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால் அந்த அட்டையை நிரப்பியவர் ஓவிய ஆசிரியர். முகத்தில் மண் இருந்தால் வீக்கம் தெரியாது. கை கட்டியிருந்தால் அழைப்பு மணியை அழுத்த முடியாது. ஏழு நாள் பட்டினியில் கண்ணை மூடிப் படுத்திருப்பவரின் உதட்டில் நண்பர் ஒரு துண்டு சாக்லேட்டை வைத்தால், அவர் வாயைத்தான் திறப்பார். கேள்வி கேட்க மாட்டார்.

10. காரணம் என்ன என்று ஐயா அவர்கள் கேட்கலாம். எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். சாப்பாடு இல்லாத சாப்பாட்டு மேசையில் டிப்போ சார் தினமும் ஒரு கதை சொல்வார். பணிமனையிலிருந்து அவர் ஓய்வு பெற்ற நாளில் ஓவிய ஆசிரியர் அவருடைய உருவத்தை மூன்று மாதம் உழைத்து வரைந்து மேடையில் பரிசளித்தாராம். திரையை விலக்கியதும் டிப்போ சாரின் மனைவி, “படம் ரொம்ப நல்லாருக்குண்ணா. யாரோடது?” என்று கேட்டாராம். ஆசிரியர் முகம் போன போக்கை நடித்துக் காட்டி, “கண்ணு ரெண்டும் மாட்டுக் கண்ணு மாதிரி வெச்சுட்டான்யா!” என்று முடிப்பார். புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் முதலிலிருந்து தொடங்குவார். இறப்பதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மட்டும் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் மேசையே குலுங்கியது; எலுமிச்சைச் சாறு கொண்டுபோன நானும் சிரித்தேன். ஆசிரியரும் புன்னகை செய்தார். அந்தப் புன்னகை மூன்று முறையும் ஒரே அளவில் இருந்ததைத்தான் பிறகு யோசித்துப் பார்த்தேன்.

11. நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. கொல்ல நினைத்தாரா, கொஞ்சம் தவிக்க விட நினைத்தாரா என்பதை அறியும் வழி எனக்கில்லை. ஆனால் அந்த வில்லைகளைப் பற்றியே நான்கு நாளாக யோசிக்கிறேன். அவற்றை ஏன் வைக்க வேண்டும்? உண்ணாநிலையில் இருந்த எவரும் வைத்திருக்க மாட்டார்கள். அவை கண்மீது தங்காது என்று அவர்களுக்குத் தெரியும். இல்லத்துப் பணியாளர் என்றால் என் தட்டிலிருந்து எடுத்திருப்பார். வெற்றுக் கண்ணோடு ஒரு முகத்தைப் பார்த்ததும், ஏதோ விட்டுப்போயிற்று என்று தோன்றி, கையிலிருந்த காய்கறித் தட்டிலிருந்து எடுத்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டுப் போகக்கூடியவர் யார் என்று நினைத்தால் எனக்கு ஒருவர்தான் தோன்றுகிறார். முகத்தைக் குறையாக விட அவர் கை ஒப்பாது.

12. நேற்று மாலை ஓவிய ஆசிரியர் என் அறை வாசலில் வந்து நின்றார். நான் சீவிக்கொண்டிருந்தேன். ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். “இவ்வளவு மெல்லிசாவா சீவுவேம்மா?” என்றார். ஆமாம் சார் என்றேன். “நான் கவனிக்கலியே” என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதைத் தட்டில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். வரும் வியாழக்கிழமை நண்பகலில் அவர் ஊருக்குப் புறப்படுகிறார். கார் சொல்லியாகிவிட்டது.

13. அதே வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் சித்தி காவல் நிலையத்தில் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டும். கட்டை இறுக்கியதும் கவனிக்காமல் விட்டதும் தன் தவறு என்று அதில் எழுதியிருக்கிறது. போட்டுவிட்டால் சின்ன தண்டனையோடு போய்விடும் என்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் அவர் கட்டிய கட்டில் ஒருவருக்குக்கூடத் தழும்பு விழுந்ததில்லை. முதல் நாள் அவர் கோபமாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு துணியை என் தோளில் சுற்றி முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டு, “இறுக்கமா இருக்காடி? உண்மையச் சொல்லு” என்று கேட்டார். இல்லை என்றேன். நேற்று, “நானே இறுக்கிட்டேனோ என்னவோ, யார் கண்டா” என்றார். இந்த மனுவை நான் எழுதுவதே அதற்காகத்தான். தான் செய்யாத ஒன்றை அவர் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கிவிட்டார்.

14. எனவே ஐயா அவர்கள், (அ) என்னிடமுள்ள துணியையும் வில்லைகளையும் கைப்பற்றி, பிரேதப் பரிசோதனையில் எடுத்த பழுப்புப் பசையோடு சேர்த்து இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பவும், (ஆ) விருந்தினர் அட்டையைக் கைப்பற்றவும், (இ) ஓவிய ஆசிரியர் புறப்படுமுன் அவரை ஒருமுறை விசாரிக்கவும், (ஈ) முடிவு தெரியும்வரை சித்தியின் கையெழுத்தை நிறுத்திவைக்கவும் உத்தரவிடுமாறு பணிவோடு வேண்டுகிறேன். வியாழக்கிழமை பத்து மணிக்குள் இந்த மனு ஐயா அவர்களின் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்பதால், தபாலில் சேர்க்காமல் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

விசாரணை எப்படி முடிந்தாலும் எனக்கு இன்னும் ஒரு வேண்டுகோள் உண்டு. என் சித்தியின் கையால் அவர் சாகவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி, அலுவலக முத்திரை வைத்து அவருக்கு அனுப்ப வேண்டும். நான் வாயால் சொன்னால், அக்கா மகள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்பார். முத்திரை இருந்தால் நம்புவார்.

நாள்: செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி
இடம்: களிமண் தயாரிப்பு அறை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
களிமண் தயாரிப்பு அறைப் பணியாளர்

இணைப்பு: ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இன்று காலை நான் சீவிய வெள்ளரி வில்லைகள் இரண்டு, ஈரத்துணியில் சுற்றியது.