தேவிக்குக் கொடுத்த காடு

மாசி 12, செவ்வாய்

ஹேமாவின் அப்பாவுக்கு,

பாகீரதி கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் ஹேமாவும் மாடும் கன்றும் நலம். ருத்ரபூரில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ, அந்த ஆலைக் காவல் வேலையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களோ இல்லையோ. போனில் கேட்டால் "நல்லாருக்கேன், நீ சாப்பிட்டியா" என்று வைத்துவிடுகிறீர்கள். ஒன்பது மாதமாக இதே பாட்டு. அதனால்தான் கடிதம். கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா?

இந்த வருஷமும் பனி விழவில்லை. பங்குனியில் பூக்க வேண்டிய புராஞ்ச் மரம் தையிலேயே பூத்துச் சிவப்பாக நிற்கிறது. ஹேமாவுக்கு ஒரே கும்மாளம், பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சுகிறாள். எனக்குப் பார்க்கப் பார்க்கப் போன கோடைத் தீதான் ஞாபகம் வருகிறது. இன்னும் ஒரு மாதத்தில் பைன் மரங்கள் ஊசிச் சருகைக் கொட்ட ஆரம்பித்துவிடும். போன வருஷமும் இப்படித்தான் பனி இல்லாமல் போனது.

உங்கள் தம்பி பெண்டாட்டி ஹன்சிக்குக் கை முக்கால்வாசி ஆறிவிட்டது. அரிவாள் பிடிக்க வருகிறது, விரல் மட்டும் முழுசாக மடங்கவில்லை. தீக்குள் போய்க் கன்றை இழுத்து வந்தவள், இன்றைக்கும் சிரித்துக்கொண்டு "கன்னுக்குட்டிக்குக் கல்யாணம் பண்ணி வச்சு மொய் வாங்கிக்கிறேன் அக்கா" என்கிறாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். காரணம் பின்னால் வருகிறது.

எரிந்த பைன் சரிவு ஆவணி மழையில் சரிந்ததைச் சொன்னேன் அல்லவா? கீழே மூன்று கேழ்வரகுக் கொல்லைகள் இன்னும் கல்லுக்கு அடியில்தான் கிடக்கின்றன. ஆனால் ஊற்றுக்கு மேலே இருக்கிற கலப்புக் காடு அப்படியே நிற்கிறது. தீ அதன் விளிம்பு வரை வந்து, ஈர இலைமேல் புகைந்து, தானாகப் படுத்துக்கொண்டது. மழையிலும் அங்கே ஒரு பிடி மண் நகரவில்லை. இரண்டு வருஷ வறட்சியில் காஃபல் மரம் ஒரு பழம் காய்க்கவில்லை, பாஞ் மரத்து அகல இலை சுருண்டது. ஆனால் ஓடையோரத்து உத்தீஸ் மரம் பச்சை மாறவில்லை, அதன் நிழலில் பாஞ் கன்றுகள் பிழைத்துக்கொண்டன. நாலு பெண்கள் இருக்கிற வீடு மாதிரி. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி அடுப்பைப் பார்க்கிறாள். பைன் சரிவில் எல்லாம் ஒரே ஜாதி, ஒரே வயசு, ஒரே பிற்பகலில் போய்விட்டது. ஊற்றில் இன்றைக்கும் தண்ணீர் வருகிறது, குடம் நிறையக் கொஞ்சம் நேரமாகிறது, அவ்வளவுதான்.

இப்போது வனப் பஞ்சாயத்துத் தலைவர் கீம் சிங் அண்ணன்தான், தெரியும். நீங்கள் தலைவராக இருந்தபோது காட்டைத் தேவிக்குக் கொடுத்து இந்த ஹோலியோடு ஐந்து வருஷம் முடிகிறது. ஹோலிக்கு மூன்று நாள் முன்னால் கூட்டம். அவர் இரண்டு காரியம் செய்யப் போகிறாராம். எரிந்த சரிவில் மறுபடியும் பைனையே நடுவது, "சீக்கிரம் வளரும், ஆடு கடிக்காது, வேறென்ன வேணும்" என்கிறார். இன்னொன்று, அதே வேண்டுதலை அதே வார்த்தையில் இன்னும் பத்து வருஷத்துக்கு எழுதித் தேவி காலடியில் வைப்பது.

அந்த வார்த்தை நீங்கள் சொல்லி எழுத வைத்தது. "கோடாலி மட்டுமல்ல, ஒரு சருகைக்கூட யாரும் எடுக்கக் கூடாது." நீங்கள் அதை உரக்கப் படித்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! காட்டெல்லை முழுக்கச் சிவப்புத் துணி கட்டினோம். கோடாலி நின்றது, நல்லதுதான். ஆனால் வருஷா வருஷம் மாட்டுக்கொட்டிலில் பரப்பப் பெண்கள் கூடை கூடையாக ஊசிச் சருகை அள்ளி வந்தோமே, அதுவும் நின்றுபோனது. அள்ளினது வெறும் மாட்டுப் படுக்கை இல்லை, தீக்குத் தீனி என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாலு வருஷச் சருகு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. பக்தியில் நாமே விறகு அடுக்கி வைத்திருக்கிறோம்.

நடுவில் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். எழுதுகிறேன்.

காட்டுக்குள் போன திருடி நான்தான்.

மூன்றாம் வருஷம் மாடு கன்று போட்டிருந்தது, கொட்டிலில் பரப்ப ஒன்றும் இல்லை. இரண்டே கூடை என்று போனேன். ஊற்றுக்கு மேலே பாஞ் மரங்களுக்கு நடுவில் சாண் உயரத்துக்குப் பைன் கன்றுகள் முளைத்து நின்றன. என் பிறந்த ஊரில் இப்படித்தான் ஒவ்வொன்றாக நுழைந்தது, இன்று அங்கே பைனைத் தவிர ஒன்றும் இல்லை, ஊற்றும் இல்லை. மனசு கேட்கவில்லை, பிடுங்கிப் போட்டேன். அப்புறம் பழகிவிட்டது. வாரத்தில் ஒரு நாள் போய் விளிம்போரமாகச் சருகை வாரிவிட்டு, கன்றைப் பிடுங்கிவிட்டு வருவேன். காடு பிழைத்தது என் கையால் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காட்டின் பள்ளத்துப் பக்கம் நான் ஒரு நாளும் இறங்கியதில்லை, அங்கேயும்தான் தீ நுழையவில்லை. அது அந்த மரங்கள் செய்த வேலை.

போன கோடையில், பிடுங்கிப் போட்ட பைன் கன்றுகளை ஜசுலி சித்தி பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினாள். "தலைவர் வீட்டுக் கொட்டில்ல மட்டும் எப்படிப்பா காய்ஞ்ச சருகு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். நீங்கள் ஒரு கணம் யோசிக்கவில்லை. கையில் அரிசியை வைத்துக்கொண்டு, "என் வீட்டு ஆளு காட்டுல கால் வைக்கலை, தேவி மேல சத்தியம்" என்றீர்கள். நான் இரண்டடி தள்ளி முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்தேனா? பாவி, திறக்கவில்லையே!

எட்டாம் நாள் தீ. "பொய்ச் சத்தியம் பண்ணினான், தேவி எரிச்சுட்டா" என்று ஊரே உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னது. ஹன்சியின் கையைப் பார்த்து நீங்கள் தலை குனிந்ததைப் பார்த்தேன். மறு வாரம் பையைத் தூக்கிக்கொண்டு ஜீப் ஏறினீர்கள். அந்த ஏழு நாளில் ஒரு தடவைகூட "நீ போனியா" என்று என்னைக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கவில்லையா, தெரிந்துதான் கேட்கவில்லையா? இந்த ஒன்றே என்னைத் தின்கிறது.

நேற்று ஹன்சியிடம் முதலில் சொன்னேன். கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, தீ என்னைச் சுட்டுச்சு, நீ சுடலை. ஆனா அத்தான் கிட்ட இன்னும் சொல்லாம இருக்கியே, அதுக்கு உன்னை அடிக்கணும்" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். காடு தேவியுடையதாகவே இருக்கட்டும், கோடாலி வேண்டாம். ஆனால் சித்திரையில் இருபது நாள் பெண்கள் சருகு அள்ள விட வேண்டும், பாஞ் காட்டுக்குள் நுழையும் பைன் கன்றைப் பிடுங்க விட வேண்டும், எரிந்த சரிவில் பாஞ், உத்தீஸ், காஃபல், புராஞ்ச் எல்லாம் கலந்து நட வேண்டும் என்று கேட்பேன். மெதுவாகத்தான் வளரும், வளரட்டும். ஆனால் உங்கள் சத்தியம் பொய்யாய்க் கிடக்கிற வரை என் பேச்சை யார் கேட்பார்கள்? நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. சத்தியம் செய்தவரும் அதைப் பொய்யாக்கியவரும் சேர்ந்து போய்த்தான் அரிசியைத் தேவியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் மட்டும் போனால் செல்லாது.

அரிசியைப் புடைத்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். ஹேமா தினமும் அதை எடுத்துப் பார்த்து, "அப்பா வந்ததும் பாயசமா?" என்று கேட்கிறாள். என்னத்தைச் சொல்ல?

தேவி உங்களைக் காப்பாற்றட்டும். ஹோலிக்கு நாலு நாள் முன்னால் ஜீப் நிற்கும் இடத்துக்கு ஹேமாவோடு வந்து நிற்பேன். மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வியை என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். என்னைத் திட்டுவதற்காவது வாருங்கள்.

உங்கள்
பாகீரதி