எப்சியின் டபுள் பேஸும் என் இலவம்பஞ்சும்

ஜூலை 7, திங்கள்

லுங்கியோடு, டிக்கெட் இல்லாமல், செங்கோட்டை வரை போய்விட்டு வந்தேன். அங்கே எனக்கு ஒரு சோலியும் கிடையாது.

மகள் எப்சிபா சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வருகிறாள் என்று காலையில் தென்காசி ஸ்டேஷனுக்குப் போனேன். கூடவே அவளுடைய டபுள் பேஸும் வருகிறது. பார்க்க வயலின் மாதிரிதான் இருக்கும். ஆனால் என்னைவிட உயரம், என்னைவிட இடுப்பு. நின்றுகொண்டுதான் வாசிக்க முடியும். சர்ச் பாட்டுக்குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டு ஒழுங்காக இருந்த பிள்ளை, சென்னைக்குப் படிக்கப் போய் இதைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நீ இறங்கு தாயி, அப்பா எடுத்துட்டு வாரேன்" என்று வீரமாகப் பெட்டிக்குள் ஏறினேன். கதவுகிட்ட அதுக்கும் எனக்கும் யார் முதலில் என்று தகராறு. அதன் கழுத்து கைகழுவும் தொட்டியில் மாட்டிக்கொண்டது, வயிறு கதவை அடைத்துக்கொண்டது, நான் அதுக்குப் பின்னால். ரயில் கிளம்பிவிட்டது. எப்சி "எப்பா! எப்பா!" என்று பிளாட்பாரத்தில் கூடவே ஓடிவந்தாள். நான் கையை ஆட்டினேன். எதுக்கு ஆட்டினேன் என்று இப்போதும் புரியவில்லை.

டிடிஆர் வந்தார். "டிக்கெட்?"

"மகள்ட்ட இருக்கு."

"மக எங்க?"

"தென்காசியில இறங்கிட்டா."

"அப்ப நீரு எங்க போறீரு?"

நியாயமான கேள்வி. நான் டபுள் பேஸைக் கை காட்டினேன். நல்ல மனுஷன், தலையில் அடித்துக்கொண்டு அவரும் ஒரு கை பிடித்து இறக்கிவிட்டார். எப்சி பஸ் பிடித்து செங்கோட்டைக்கு வந்து எங்கள் இரண்டு பேரையும் மீட்டுக்கொண்டு போனாள்.

ஜூலை 8

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் மைனி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குக் கட்டில் போட்டியளா, தரையிலதான் படுக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜூலை 9, புதன்

இன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது.

காலையில் கூடத்தில் நின்று வாசித்தாள். அடுக்களையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. என் உள்ளங்காலில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. எறும்போ என்று குனிந்து பார்த்தேன். பாட்டுதான். "என்னட்டி, இவ்வளவு சத்தம் இருக்கே!" என்றேன்.

"வீட்டுல இருக்கும்பா. மேடையிலதான் இருக்காது."

பக்கத்தில் டிரம் அடிப்பார்கள், கீபோர்டு வாசிப்பார்கள், சாக்சபோன் ஊதுவார்கள். அந்த இரைச்சலில் இது அமுங்கிப்போகும். ஸ்பீக்கரில் விடத்தான் வேண்டும். தந்தியைத் தாங்குகிற கட்டையில் பித்தான் அளவில், அதிர்வைப் பிடிக்கிற ஒரு பிக்கப் ஒட்டியிருக்கிறாள். அதை அப்படியே மைக்செட்டில் சொருகினால் பிளாஸ்டிக் வாளியைத் தட்டின மாதிரி கேட்குமாம். மைக்கை முன்னால் வைத்தாலோ 'ஊ'வென்று ஊளை. போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் அது கூவின கூவலில் மாப்பிள்ளை கையிலிருந்த ஐஸ்கிரீம் பெண் சேலையில் விழுந்துவிட்டதாம்.

அதனால் அவர்கள் குழுத்தலைவர், கணேசமூர்த்தி என்று பெயர், சாக்சபோன் வாசிக்கிறவர், முடிவாகச் சொல்லிவிட்டார். பத்தொன்பதாம் தேதி குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில் சீசன் கச்சேரி. அங்கேயும் கூவினால் அதோடு டபுள் பேஸ் வேண்டாம். எப்சி பேஸ் கிட்டாருக்கு மாறிவிட வேண்டும். சின்னது, தோளில் போட்டுக்கொள்ளலாம், ஒயரைச் சொருகினால் வேலை முடிந்தது. இதை வித்துவிடலாம், ஆளும் பார்த்து வைத்திருக்கிறாராம்.

இதையெல்லாம் எப்சி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லும்போது அவள் கை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது கஷ்டம் என்று சொன்னால் வாய் முந்திக்கொள்ளும். "அப்பா இருக்கேம்லா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். என்னத்தப் பாப்பேன்? நான் பத்தாம் கிளாஸ். மெத்தைக் கடைக்காரன். வீட்டு மிக்சி ஓடலேன்னா நாலு தட்டு தட்டுவேன், அதுக்கு மேல எனக்கு மின்சாரம் தெரியாது.

ஜூலை 11, வெள்ளி

சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் முகம்மது ரபீக் என் சேக்காளி. ரிசார்ட் கச்சேரிக்கு மைக்செட் அவன்தான். அவன் குடோனுக்கு டபுள் பேஸைக் கொண்டுபோனோம்.

"கவலப்படாதீங்க அண்ணாச்சி. வாசுதேவநல்லூர்ல கோயில் கொடைக்குப் போட்டேன்னா மூணு ஊருக்குக் கேக்கும்" என்று குழாய் ஸ்பீக்கரை எடுத்து மாட்டினான். எப்சி வாசித்தாள். குழாயிலிருந்து கொசு வந்தது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னச் சத்தம். எனக்கே கூச்சமாக இருந்தது. அப்புறம் பெரிய பாக்ஸ் போட்டான். இப்போது சத்தம் வந்தது, கூடவே ஊளையும் வந்தது. தெருவில் ஒரு நாய் பதில் சொன்னது. அது நிறுத்தின பிறகும் இது நிறுத்தவில்லை.

அதுக்கு மேல் ரபீக் எக்கோ வேறு போடுகிறான்.

"மாமா, எக்கோ வேண்டாம்."

"போடலம்மா."

"போட்டிருக்கீங்க மாமா."

"லேசாத்தான். எக்கோ இல்லாம விட்டா எனக்குக் கை நடுங்கும் தாயி."

ஊளை எதனால் என்று எப்சி விளக்கினாள். ஸ்பீக்கர் சத்தம் அதன் வயிற்றுக்குள் போய்ப் பலகையை அதிர வைக்கும். அந்த அதிர்வைப் பிக்கப் பிடித்து மறுபடியும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். அது இன்னும் பெரிதாக வயிற்றுக்குள் போகும். எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. நான் வீட்டுக்காரி பாக்கியத்திடம் ஒன்று சொல்ல, அவள் தங்கச்சியிடம் சொல்ல, அது நாலு மடங்காகி என் காதுக்கே திரும்பி வருமே, அதேதான்.

"மேடையில வாசிக்கவங்க அந்த ரெண்டு ஓட்டையையும் ஸ்பாஞ்சு வச்சு அடைப்பாங்கப்பா. அப்ப கூவாது."

அடைக்கணுமா? முப்பது வருசமா தலகாணி அடைக்கவன்ட்டயா சொல்லுத?

ஜூலை 12, சனி

கர்த்தாவே.

எப்சி கூட்டாளியைப் பார்க்க ஆய்க்குடிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் அசந்துபோகட்டும் என்று கடையிலிருந்து நயம் இலவம்பஞ்சு ஒரு மூடை கொண்டுவந்தேன். வயிற்றில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் வளைந்த ஓட்டைகள். தலையணை அடைக்கிற குச்சியால் அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தேன். மூலை முடுக்கு விடாமல் அடைத்தேன். கல்யாணச் சீர் மெத்தைக்குக்கூட அப்படி மனசு வைத்து அடைத்ததில்லை.

எப்சி வந்தாள். விரலால் ஒரு தந்தியை இழுத்தாள்.

தொப்.

இன்னொன்றை இழுத்தாள். தொப். மொட்டைமாடியில் மெத்தையைக் கம்பால் அடிப்பார்களே, அந்தச் சத்தம். ஊளை சுத்தமாக இல்லை, அதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"எப்பா. ஓட்டை வாயத்தான் மூடணும்னேன். வயித்துக்குள்ள இல்ல."

அப்புறம்தான் சொன்னாள். உள்ளே மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் ஒரு குச்சி நிற்குமாம். ஆணி கிடையாது, பசை கிடையாது, அழுத்தத்தில் நிற்கிறது. சத்தத்துக்கு உயிரே அதுதான். அது விழுந்தால் நட்டு நிறுத்துகிற ஆள் சென்னையில்தான் இருக்கிறார். பஞ்சை இழுக்கும்போது குச்சியும் வந்துவிட்டால் பத்தொன்பதாம் தேதி கச்சேரி இல்லை. கிட்டார்தான்.

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "பரவால்லப்பா" என்றாள். அந்தப் பரவாயில்லை எனக்குச் சோறு இறங்க விடவில்லை. முட்டாப்பய நான். கேட்டுட்டுச் செய்யக் கூடாதா? வாயி இல்லையா?

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. கூடத்தில் டபுள் பேஸை மல்லாக்கப் படுக்கவைத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். எப்சி கம்பியை வளைத்துக் கொக்கியாக்கிப் பஞ்சை இழுத்தாள். நான் செல்போன் லைட்டைப் பிடித்தேன். எனக்கு அந்த வேலை மட்டும்தான் கொடுத்தார்கள். பாக்கியம் வந்த பஞ்சைச் சாக்கில் திணித்தாள். பாதி சாக்குக்குப் போனது, பாதி மின்விசிறிக்குப் போனது.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து குழம்புல பஞ்சு, கூந்தல்ல பஞ்சு. இப்பம் பிள்ள வாசிக்கதுலயும் பஞ்சு. உங்கள எதுல வச்சு அடைக்க?" என்றாள் பாக்கியம்.

"எம்மா, சிரிக்க வைக்காத, கை ஆடுது" என்றாள் எப்சி. நேற்றுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

மத்தியானம் பாக்கியம் மெதுவாக ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். யாருக்காக என்று கேட்டேன். "குச்சிக்கு" என்றாள்.

சாயங்காலம் உள்ளே லைட் அடித்துப் பார்த்தோம். குச்சி நின்றது. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டுக் கண்டுபிடித்த மாதிரி மூன்று பேரும் மாறி மாறி எட்டிப் பார்த்தோம்.

எப்சி ஒரு தந்தியை இழுத்தாள். டம்ளர்கள் பேசின.

ஜூலை 14

மூக்கைச் சிந்தினால் இன்னும் பஞ்சு.

ஜூலை 16, புதன்

இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்தேன். எப்சி ஓட்டையின் அளவைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தாள், நான் மெத்தை வெட்டுகிற கத்தியால் ஸ்பாஞ்சை வெட்டினேன். முதல் ஜோடி பெரிதாகப் போய்விட்டது. இரண்டாவது ஜோடியில் ஒன்று மட்டும் சரி. மூன்றாவதைப் பாக்கியம் கத்தரிக்கோலால் வெட்டினாள், சரியாக உட்கார்ந்துவிட்டது.

சென்னையில் கூட்டாளி ஒருத்தியிடம் எப்சி கேட்டிருந்த சின்னப் பெட்டி ஒன்று பார்சலில் வந்தது. பிக்கப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் அதைப் போட்டால் வாளிச் சத்தம் மாறிவிடுமாம். ரபீக் குடோனில் வைத்துப் பார்த்தோம். பாக்ஸை அவளுக்கு முன்னால் தள்ளி, முதுகு காட்டி வைக்கச் சொன்னாள். இது கூட்டு, அது குறை என்று அவள் சொல்லச் சொல்ல ரபீக் பித்தான்களைத் திருப்பினான். வீட்டுக் கூடத்தில் கேட்ட அதே சத்தம் ஊருக்கே கேட்கிற அளவில் வந்தது. ஊளை இல்லை. ரபீக் வாயைத் திறந்தபடி நின்றான்.

"சூப்பரு தாயி. இதுல லேசா எக்கோ..."

"மாமா!"

ஜூலை 18, வெள்ளி

கணேசமூர்த்தி குழுவோடு வந்து இறங்கினார். கொடுமைக்கார ஆளாக இருப்பார், நாலு வார்த்தை கேட்கலாம் என்று தயாராகப் போனேன். மனுஷன் என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டு, "அங்கிள், எனக்கும் அந்த சவுண்டு பிடிக்கும். ஆனா ஒருத்தர் கூவுனா நாலு பேருக்கும் கெட்ட பேரு" என்றார். நாலு வார்த்தையையும் விழுங்கிக்கொண்டேன்.

கையோடு ஒரு பேஸ் கிட்டாரும் கொண்டுவந்திருக்கிறார். நாளைக்கு மேடை ஓரத்தில் தயாராக இருக்குமாம். முதல் பாட்டில் கூவினால் எப்சி இரண்டாவது பாட்டுக்கு அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது, சனியன்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று கச்சேரி. மேடைக்குத் தகரக் கூரை. ஜனங்கள் அருவியில் குளித்த ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தார்கள். சாரல் விழுந்துகொண்டே இருந்தது, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

ஆரம்பிக்கும் முன் எப்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "எப்பா, உங்களுக்கு ஒரு வேல இருக்கு. கைதட்டு வந்தா ரபீக் மாமா கை தானா சத்தத்தக் கூட்டிரும். பக்கத்துலயே இருந்து பாத்துக்கிடுங்க."

மிக்சர் மேசைக்கு மேல் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ரபீக்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டு. நன்றாகப் போனது. கைதட்டு விழுந்தது. ரபீக் கை பித்தானுக்குப் போனது. நான் பிடிப்பதற்குள் அரைத் திருப்பு திருப்பிவிட்டான். 'ஊ...' என்று எழும்பியது. கணேசமூர்த்தி எப்சியைப் பார்த்தார், அப்புறம் கிட்டாரைப் பார்த்தார். எப்சி அவரைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தாள். நான் ரபீக் கையைப் பிடித்து இறக்கினேன், ஊளை அடங்கியது. எப்சி கிட்டார் பக்கம் நகரவே இல்லை. இரண்டாவது பாட்டைத் தானாகவே ஆரம்பித்துவிட்டாள், மற்றவர்கள் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள்.

அப்புறம் நான் ரபீக் கையை விடவில்லை. இரண்டு நரைத்த தலைகள் கைகோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. "விடுங்க அண்ணாச்சி, மூக்கு அரிக்கி" என்றான். "எந்தப் பக்கம்னு சொல்லு, நான் சொறியுதேன்" என்றேன்.

நாலாவது பாட்டில் அவள் ஓங்கி இழுத்தபோது ஸ்பாஞ்சு ஓரமாக வெள்ளையாக ஒன்று கிளம்பியது. இலவம்பஞ்சு. எங்கே ஒளிந்திருந்ததோ. மேடை வெளிச்சத்தில் மிதந்து, கணேசமூர்த்தி மூச்சை இழுக்கிற சமயம் பார்த்து அவர் மூக்குக்கிட்ட போனது. சாக்சபோன் தும்மினது. ஜனங்கள் அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று விசில் அடித்தார்கள்.

முடிந்ததும் கணேசமூர்த்தி கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "எப்சி, ஆகஸ்ட்ல கொச்சின். இத எப்படிக் கொண்டு வருவே?" என்று கேட்டார். எப்சி என்னைப் பார்த்தாள். "ரயில்ல ஏத்த ஆள் இருக்கு. இறக்கத்தான் ஆள் இல்ல" என்றாள்.

இன்னொன்று. கடைசிப் பாட்டில் மற்ற மூன்று பேரும் நிறுத்திவிட்டார்கள், எப்சி மட்டும் வாசித்தாள். சாரலுக்கு ஒதுங்க ஒருத்தர் தார்ப்பாய்க்குள் வந்து என் பக்கத்தில் நின்றார். தோளில் ஈரத்துண்டு. எந்த ஊர்க்காரரோ. அப்புறம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "இங்கன வந்து இடிக்குதுவே" என்றார். மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "யாருவே அந்தப் பிள்ள?" என்று கேட்டார்.

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். கை குலுக்குவார். அதற்குள் அவள் இரண்டு தந்தி இழுத்து முடித்திருப்பாள். அவருக்கு அது போய்விடும்.

"கேளுங்க" என்றேன்.

எம் மவ என்று சொல்லவில்லை.