பீரோவுக்குள் பூட்டிய வைஃபை

இன்று காலை உங்கள் பீரோவைத் திறந்து வைஃபை பெட்டியை வெளியே எடுத்தேன். அந்துருண்டை நாற்றம் குப்பென்று அடித்தது. எப்போதும் உங்கள் பூணூலில் தொங்கிய சாவி, நீங்கள் போன பிறகுதான் என் கைக்கு வந்தது. போய்ச் சேர்ந்த புருஷனுக்கு எழுதினால் பாசத்தோடு ஆரம்பிக்க வேண்டுமாம். எனக்கு வரவில்லை.

அமைச்சக வேலையில் வந்த பழக்கம், எதையும் பூட்டி வைப்பது. ஓய்வு பெற்று தலைநகர் ஓரத்துத் துவாரகாவுக்கு வந்ததும் வைஃபைக்கும் பூட்டு. ஒயர் நுழைய இரும்பு பீரோவின் பின்பக்கம் ஓட்டை போடச் சொன்னீர்கள். "வெளில வெச்சா வரவன் போறவன்லாம் நோண்டுவான்" என்றீர்கள். நம் வீட்டுக்கு யார் வந்தார்கள்?

டிவியில் எதைப் போட்டாலும் நின்று நின்று ஓடியது. மைக்ரோவேவைக் குறை சொன்னீர்கள், மாடி வீட்டுக்காரரைத் திட்டினீர்கள், கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினீர்கள். நீங்கள் சட்டை எடுக்க பீரோ கதவைத் திறக்கும்போது மட்டும் படம் ஒழுங்காக ஓடுவதைக் கவனித்து நான் சொன்னேன். "உனக்கென்ன தெரியும், சும்மா இரு. கம்பெனி பையா வந்து லைனைப் பாத்துப்பான்."

தஞ்சாவூரில் என் அம்மா இறந்த அன்று இங்கே பனிமூட்டம், விமானம் ஒன்றும் கிளம்பவில்லை. தம்பி நேரலை போட்டான், டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முகத்துத் துணியை விலக்கும்போது வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பீரோவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். நீங்கள் உங்கள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனீர்கள். படம் திரும்ப வந்தபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பதிவைப் பிறகும் இங்கே முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை. என் போனில் தனியாக நெட் போடவும் நீங்கள் விடவில்லை.

இன்று பெட்டியை டிவி பக்கத்தில் வைத்து அதைப் போட்டேன். எங்கேயும் நிற்கவில்லை. அம்மாவை ஆசைதீரப் பார்த்தேன், அழுதேன்.

அப்புறம் அந்தப் பதிவிலேயே தம்பி யாரிடமோ போனில் கேட்கிறான். "அத்திம்பேர், அக்கா பாத்துட்டாளா? இல்லேன்னா இன்னும் செத்த நாழி இருக்கோம்."

ஸ்பீக்கரில் உங்கள் குரல். "பாத்தாச்சுடா. ஜல்தி எடுங்கோ."

எனக்காகக் காத்திருக்க அத்தனை பேரும் தயாராக இருந்திருக்கிறார்கள். உங்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

செத்தவர்மேல் கோபம் வைக்கக் கூடாது என்கிறார்கள். நான் வைத்திருக்கிறேன்.