பொட்டு வைத்த தோட்டாக்கள்

அக்டோபர் 20, 2024. ஆரியங்கோடு

மழை. பெங்களூரிலிருந்து சபரீஷ் கூப்பிட்டான். பெற்ற மகன் எப்போதும் பாடுகிற அதே பாட்டு. "அம்மா, தோட்டத்தை வித்துட்டு இங்க வந்துரு. தனியா இருந்து என்ன சாதிக்கப் போற?" பக்கத்துக் குன்னத்துகாலில் தனியாக இருந்த ஒருத்தியின் தங்க மாலையை யாரோ அறுத்துக்கொண்டு போனது அவன் காதுக்கும் எட்டிவிட்டது. உன் அப்பாவுடைய ரிவால்வர் இருக்கிறது, லைசென்ஸ் என் பெயருக்கு மாற்றியாச்சு, போதும் என்றேன். பின்னால் மருமகள் சுனிதா சிரித்தாள். சிரிக்கட்டும். அறுபத்து மூன்று வயதில் அவளிடம் காப்பி கேட்டு வாங்கிக் குடிக்க என்னால் ஆகாது.

அக்டோபர் 22



நாலு மணிக்கே இருட்டி, இடி இடித்து, கரண்ட் போனது. பின்வாசலில் தாழ்ப்பாள் சத்தம். ரப்பர் பால் வெட்டுகிற ஞானையன் காலையிலேயே வேலை முடித்துப் போயாச்சு. வேறு யார்? தலையணைக்கு அடியிலிருந்து ரிவால்வரை எடுத்தேன். கதவு திறந்தது. ஓர் உருவம், தலையில் ஏதோ பொதி. யாரு என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. அழுத்திவிட்டேன்.

டிக். அவ்வளவுதான்.

மின்னலில் பார்த்தால் — ஞானையன். காயப்போட்ட ரப்பர் ஷீட்டு நனையுமே என்று மழையில் ஓடி வந்து, அத்தனையும் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறான். ரிவால்வரை முந்தானைக்குள் மறைத்தேன். "ஷீட்டை இங்க வச்சிட்டுப் போறேன் அம்மா" என்றான். போய்விட்டான்.

பதினெட்டு வருஷமாக நம் தோட்டத்தில் இருக்கிறவன். ஈஸ்வரா, நான் என்ன செய்துவிட்டேன்!

அக்டோபர் 24

வெட்கம் கெட்ட மனசு. இரண்டு நாள் அழுதது, இன்று வேறு யோசனை செய்கிறது. வந்தது நிஜமாகவே திருடனாக இருந்திருந்தால்? தோட்டா ஏன் வெடிக்கவில்லை? வெடிக்காத தோட்டாவை நம்பியா இத்தனை நாள் தூங்கினேன்? திருவனந்தபுரம் போய் நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அக்டோபர் 26

ஞானையனுக்கு என்ன வந்தது? கேட்டிலிருந்தே "அம்மோ, ஞானையனாக்கும்! வாறேன்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வருகிறான். கோயில் வெடிவழிபாட்டில், வேட்டுக்குக் காசு கட்டியவர் பெயரை மைக்கில் கூவுகிறவன் தோற்றான்.

அக்டோபர் 28

துப்பாக்கிக் கடைக்காரர் பொன்னுதாஸ் என் ஆறு தோட்டாக்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடியில இது என்ன சிவப்பா?"

"குங்குமம்."

தலையில் அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் இருந்தவரை நவராத்திரிக்குத் துப்பாக்கியை மட்டும்தான் பூஜைக்கு வைப்பார். அவர் போனபின் மூன்று வருஷமாக நான் தோட்டாக்களையும் நல்லெண்ணெய் விட்டுத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன். பக்தி!

"அம்மா, அடியில இந்த வட்டத்திலதான் ஊசி கொத்தும். எண்ணெ இதுவழியா ஊறினா உள்ள மருந்து செத்துப்போவும். பழசு வேற" என்றார். நல்லதைத் தேர்ந்தெடுக்கவும் சொல்லித் தந்தார்: ஒரே தேதி போட்ட பெட்டியாக எடுக்க வேண்டும், பச்சைக் களிம்பு பூத்ததும் நசுங்கியதும் ஆகாது, கொஞ்சத்தைத் துப்பாக்கி பழகுகிற ரேஞ்சில் சுட்டுப் பார்த்து அத்தனையும் வெடித்தால்தான் மிச்சத்தை நம்ப வேண்டும். ஒரு புதுப் பெட்டியை முன்னால் வைத்தார்.

"இது ஏமாத்தாது. அழுத்தினா வெடிக்கும். முன்னால யாரு நின்னாலும்."

பர்ஸைத் திறந்த கை அப்படியே நின்றது. பிறகு வருகிறேன் என்று எழுந்தேன். பழையதை அவரே வைத்துக்கொண்டார்.  

அக்டோபர் 30

ஞானையன் பெண்டாட்டி நேசம் மரச்சீனிக் கிழங்கு கொண்டு வந்தாள். உன் மாப்பிள்ளை ஏன் இப்படிக் கத்துகிறான் என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாராம். டிக்குன்னு. வேலையை விட்டுரும்னு நான் சொன்னேன், கேக்கல்ல. அம்மா ஒத்தையில கிடந்து பயந்து போச்சு, நாமதான் சொல்லிட்டுப் போணும்னாரு."

தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மறுநாள் காலையிலேயே வந்திருக்கிறான். மரச்சீனியை அவிக்கவே இல்லை.

நவம்பர் 2

ரிவால்வரை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். துணைக்கு ஞானையன் வந்தான். ஆட்டோவில் "மன்னிச்சிரு ஞானையா" என்றேன். வெளியே பார்த்துக்கொண்டே, "மழை வரும்போல உண்டு அம்மா, ஷீட்டு வெளிய கிடக்கு" என்றான்.

நவம்பர் 4

காலையில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் பாதி மரத்தில் பால் வெட்டி முடித்துவிட்டான். "இனி எதுக்கு அம்மா கூப்பிடணும்?" என்கிறான். நியாயம்தான். ஆனால் அவர் போனபின் இந்த வீட்டு வாசலில் நின்று தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவன் இவன் ஒருத்தன்தானே.

"எலே, நீ கூப்பிட்டுட்டே வா."

"தொண்டை போச்சு அம்மா."

"மெதுவா கூப்பிடு."

நவம்பர் 5

கூப்பிட்டான். உள்ளேயிருந்து நானும் "யாரு?" என்று கேட்டேன்.