வேப்பிலை ஆவி பிடித்த வியாழக்கிழமை

நவ்ரோங்கோ

அன்பு மகள் பெர்பெத்துவாவுக்கு,

உன் கடிதத்தை வாசிக்கும்போது முற்றத்தில் இருந்தவர்கள்: உன் அண்ணன் அபானே, அவன் மனைவி லாரிபா, அவள் மடியில் கைக்குழந்தை, உபதேசியார் கிளெத்துஸ், நான். ஆண்டவர் தயவால் நீ ஜெர்மனியில் சுகமாக இருப்பாய். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் அண்ணன் மகன் வெபியாவைப் புதைத்து ஒன்பதாம் நாள் உன் கடிதம் வந்தது. ஆறுதல் எழுதியிருப்பாய் என்று நம்பி அபானே உரக்க வாசித்து நம் பேச்சில் சொன்னான். நீயோ ஆய்வுக்கூடத்துப் பாடத்தை எழுதியிருந்தாய். மூளைக்காய்ச்சல் கிருமி நல்ல சுகமுள்ளவர்கள் மூக்கிலும் சும்மா கிடக்குமாம், அதற்குள் ஆர்.என்.ஏ. என்றொரு இழை மடங்கிப் பூட்டிக் கிடக்குமாம், சூடு ஏறினால் மடிப்பு அவிழ்ந்து, உடம்பு அதைக் கொல்ல முடியாதபடி கிருமி கவசம் மாட்டிக்கொள்ளுமாம். அபானே அங்கேயே நிறுத்திவிட்டான். லாரிபா விடவில்லை. "சூடு பட்டாத்தான் அவுருமாமே! அப்ப எம்புள்ளைய போர்வைக்குள்ள போட்டு அவிச்சது யாரு அத்தே?" என்றாள். "அது படிச்சவங்க சமாச்சாரம் தாயி, நம்ம வீட்டுக்கு எழுதுனதில்ல" என்று உபதேசியார் சமாளித்தார். "கிருமி மட்டும் நம்ம வீட்டுக்கு வந்துச்சே?" என்றாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கற்றவள், ஆனாலும் வீட்டில் நடப்பதை நோட்டில் எழுதாமல் விடமாட்டேன், உனக்கே தெரியும். வியாழன் மதியம் காய்ச்சல். மூன்று மணிக்கு வேப்பிலை ஆவி, போர்வை மூடி. ஆறு மணிக்கு மறுபடி. "சுடுது அப்பத்தா, போதும்" என்றான், இன்னும் கொஞ்சம் என்று பிடித்து வைத்தேன். வெள்ளி விடியலில் கழுத்து வளையவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சனிக்கிழமை எல்லாம் முடிந்தது. சின்ன வயதில் உனக்கும் அண்ணனுக்கும் இதே ஆவிதான் பிடித்தேன். ஆறு வருடமாக அந்தக் கிருமியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், ஞாயிறுதோறும் போனில் என்ன சமைத்தாய் என்று கேட்டாயே, அம்மா ஆவி பிடிக்காதே என்று ஒரு வார்த்தை சொன்னாயா? வார்த்தைக்கு அங்கே பஞ்சமா?

அபானே வேப்பமரத்தின் தாழ்ந்த கிளைகளையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டான். லாரிபா கைக்குழந்தையை என்னிடம் தருவதில்லை, அது தும்மினாலே தூக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். ஈஸ்டர் முடிந்ததும் தாய் வீட்டுக்கே போகிறாளாம். நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன், இதைப் பாவம் என்று சொல்வதா துக்கம் என்று சொல்வதா தெரியாமல் இரண்டு வாரமாக வரிசையிலிருந்தே திரும்பி வருகிறேன்.

குளிரில் காதை மூடிக்கொள். பூசையை விடாதே. என்ன கோபமிருந்தாலும் மாதா உன்னைக் காக்கட்டும் என்றுதான் தினமும் கேட்கிறேன். போனில் கேட்டால் நீ அழுவாய், பிறகு பொய் சொல்வாய், அதனால் எழுதிக் கேட்கிறேன். வெளியே பிடித்த ஆவி உள்ளேயிருக்கும் அந்த இழையை அவிழ்க்குமா, அவிழ்க்காதா? உண்மை எதுவோ அதை அண்ணனுக்கு அல்ல, என் பெயருக்கு எழுது. பெரிய வியாழனுக்குள் கைக்குக் கிடைக்கும்படி சீக்கிரம் பதில் போடு.

உன் தாய்,
தெக்லா