உங்களை யாரும் பிடித்து வைக்கவில்லை, அக்கா

அக்கா,

நேற்று பட்டுக்கோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு பெண் என் அருகே வந்து உட்கார்ந்தாள். நெற்றியில் எண்ணெய் மினுங்கியது. ஜெபக் கூட்டங்களில் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் வாசனை கலந்து கொடுப்பார்களே, அந்த எண்ணெய். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பேராவூரணியில் இறங்கும் வரைக்கும் அந்த மணத்தில் நீங்கள்தான் இருந்தீர்கள்.

நம் இரண்டு வீட்டுத் தென்னந்தோப்புக்கும் நடுவே வேலிகூட இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்துதான் சர்ச்சுக்குப் போவோம். பாட்டென்றால் உங்கள் குரல்தான் முதலில் எழும். எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்த பிறகு நீங்கள் பாடவில்லை. கொடி சுற்றிக்கொண்டது என்று டாக்டர் சொன்னது உங்களுக்குப் போதவில்லை. ஜெபம் செய்ய வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் உங்கள் தலையில் கை வைத்து, "ஒங்க முன்னோர் பண்ண பாவம் ஒங்க வயித்துல நிக்குதும்மா" என்றார். அது போதுமானதாக இருந்தது.

அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம். ஒரத்தநாடோ தஞ்சாவூரோ, எங்கே சாபம் போக்கும் விடுதலைக் கூட்டம் என்று நோட்டீஸ் பார்த்தாலும் கிளம்பிவிடுவீர்கள். அழுது, விழுந்து, எழுந்து வருவீர்கள். "விட்டுருச்சுடி. ஒடம்பே லேசா இருக்கு" என்று தோப்பு வழியாகவே வந்து என்னிடம் சொல்வீர்கள். அந்த வாரம் முழுக்க முகம் தெளிந்திருக்கும். பிறகு வீட்டில் மாடு செத்துப்போகும், அல்லது உங்கள் வீட்டுக்கார அண்ணனுக்குக் காய்ச்சல் வரும். உங்களைப் பழைய பயம் பிடித்துக்கொள்ளும்.

"சிலுவையிலயே எல்லாம் முடிஞ்சுபோச்சுக்கா. இன்னும் எதுக்கு விடுதலை தேடி அலையுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒனக்குப் பிள்ளை இருக்கு. நீ சொல்லுவ" என்றீர்கள்.

அந்தப் புயலுக்கு மறுநாள் காலை நினைவிருக்கிறது. தோப்பு முழுக்கப் படுத்துக் கிடந்தது. உங்களுடையது, எங்களுடையது, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய வரை எல்லாருடையதும். விழுந்த மரம் ஒன்றின் மேல் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். கோபத்தில்தான் கேட்டேன்.

"இப்ப சொல்லுங்கக்கா. ஊருக்கே சாபமா?"

"என்னாலதான் ஊருக்கே வந்துருச்சுடி."

அழாமல், கத்தாமல், சோறு ஆகிவிட்டது என்பதைப் போலச் சொன்னீர்கள். நம் சபைப் போதகரைக் கூட்டிவந்தேன். அவர் நல்லவர். அந்தச் சேற்றில் உங்கள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "கடவுள் யாரையும் இப்படிப் பழிவாங்குறதில்லம்மா" என்றார். நீங்கள் "சரிங்கய்யா" என்றீர்கள். அவர் போனதும் விழுந்த தேங்காய்களைப் பொறுக்கக் குனிந்தீர்கள். எங்கள் தோப்பிலிருந்துதான் தொடங்கினீர்கள். ஈடு செய்கிறவளைப் போல.

மார்பில் கட்டி இருந்ததைப் புண்ணாகி நாற்றம் எடுக்கும் வரை மறைத்துவிட்டீர்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து, "ஏங்க்கா என்கிட்டகூடச் சொல்லல?" என்று அழுதேன்.

"சொன்னா மருந்து குடுப்பாங்க. இது நான் அனுபவிக்க வேண்டியது. நான் அனுபவிச்சுத் தீத்துட்டா மத்தவங்கள விட்டுரும்ல?"

மனிதருக்காகப் பட வேண்டிய பாடுகளையெல்லாம் ஒருவர் பட்டு முடித்துவிட்டார் என்று பிள்ளைப் பருவத்திலிருந்து நாம் சேர்ந்து பாடியிருக்கிறோம். அவருடைய அந்த இடத்தில்தான் அக்கா நீங்கள் போய்ப் படுத்துக்கொண்டீர்கள். கடைசிக்கு முந்தின நாள், நல்ல வெயில் நேரம், என் விரலைப் பிடித்துக்கொண்டு, "இப்பவாவது என்னைய விட்டுருவாரா?" என்று கேட்டீர்கள்.

"ஒங்கள யாருமே பிடிச்சு வைக்கலக்கா. அவரு தொறந்து விட்டு எவ்வளவோ காலமாச்சு."

தலையை ஆட்டினீர்கள். சின்னப் பிள்ளை ஆசையாக ஏதோ சொன்னால் பெரியவர்கள் ஆட்டுவார்களே, அப்படி. நம்பவில்லை. நம்பாமலேதான் போனீர்கள்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர், "நம் சகோதரி விடுதலை அடைந்தார்" என்று ஜெபித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். அண்ணன்கூடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. இருந்த நாளெல்லாம் தெரியாத விடுதலை செத்த பிறகு எதற்கு என்று தோன்றியது.

இதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் வேறு. போன மாசி மாதம் என் மகன் பைக்கிலிருந்து விழுந்தான். பிழைத்துவிட்டான், இடது கால் மட்டும் இனி நேராகாது என்றார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றபோது என் வாயிலிருந்து முதலில் வந்தது ஜெபம் இல்லை. "நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றுதான் வந்தது. சொல்லிவிட்டுத் திடுக்கிட்டேன். உங்களிடம் சொன்னதையெல்லாம் வரி மாறாமல் எனக்கே சொல்லிப் பார்த்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, யாரும் யாரையும் பிடித்து வைக்கவில்லை என்று. அத்தனையும் சரிதான். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

இப்போது அவன் படியிறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் செய்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன், அக்கா. போதகரிடம் சொன்னேன். அவர் நல்ல வார்த்தைகளாகச் சொன்னார்.

"சரிங்கய்யா" என்றேன்.